புல்லருக்காகக் காத்திருக்கும் பறவைகள்

நியூசிலாந்து ஓவியர் பில் ஹமண்ட் (1947–2021) 1989இல் ஆளரவமற்ற ஓக்லாந்துத் தீவுகளுக்குச் சென்று திரும்பினார். அதன் பின்னரே அவரது ஓவியங்களில் பறவைகள் குடியேறின. 1993இல் வரைந்த 'புல்லருக்காகக் காத்திருத்தல்' இவ்வரிசையில் முக்கியமானது.

யார் இந்த வோல்ட்டர் புல்லர்? நியூசிலாந்துப் பறவைகள் பற்றி 1873இல் பெருநூல் வெளியிட்டவர். அப்பறவைகளையே கொன்று, பாடம் செய்து, சேகரித்தவரும் அவரே. ஹூயாவும் அவற்றுள் ஒன்று. மாவோரித் தலைவர்கள் சிரசில் சூடிய கௌரவச் சின்னம் அதன் வெண்நுனி வால் இறகு. 1901இல் யோர்க் கோமகனின் தொப்பியில் அவ்விறகு ஏறியதும் வெள்ளையரிடையே மோகம் தலைக்கேறியது. 1907க்குப் பிறகு ஹூயாவை உறுதியாகக் கண்டவர் எவருமில்லை.

ஹமண்ட் ஒப்பாரி வைக்கவில்லை. பறவைத் தலையும் மனித உடலுமாக, வழிந்தோடும் வர்ணத்தினூடே அவை வெறுமனே நிற்கின்றன. வரப்போகிறவன் யாரென்பது அவற்றுக்குத் தெரியும். பார்க்கும் நமக்கோ, வந்து சேர்ந்த புல்லர் நாம்தானோ என்ற கூச்சம் எழுகிறது. இத்தொடரின் வலிமை இதுவே.

பிந்திய ஓவியங்களில் பச்சையும் பொன்னும் மிகுந்து, அழகு அந்தக் கூச்சத்தை மூடிவிடுகிறது என்பது எனது மனக்குறை. இப்போது சேகரிப்போர் ஏலங்களில் போட்டியிட்டுப் பெருவிலைக்கு வாங்குவதும் இதே பறவைகளைத்தான்.