மூவாயிரம் சைக்கிள்

பழைய புரோகிராம் ஒன்று புதிய கணினியில் ஓடிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், என்ன வேகத்தில் ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பேன். மவுண்ட் போட்டு, இஎக்ஸ்இ ஃபைலின் பெயரைத் தட்டினால் இன்றைக்கு எதுவும் ஓடும். திரை வரும், சத்தம் வரும், கீபோர்டு கேட்கும். அது ஓடவேண்டிய நிதானத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பழைய டாஸ் புரோகிராம்களைப் புதிய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் வெளிவந்தது 2002-இல். பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஸ்யூர்ட் வான் டெர் பெர்க் என்ற இரண்டு நெதர்லாந்துக்காரர்கள் தொடங்கியது. சவுண்ட் பிளாஸ்டர், கிராவிஸ் அல்ட்ராசவுண்ட், டேண்டி என்று அத்தனை ஒலி அட்டைகளையும் மென்பொருளிலேயே எழுப்பிக் காட்டியது பெரிய சாதனை. அதைப் பலரும் பாராட்டியாயிற்று. என் நன்றி முழுவதும் கான்ஃபிக் ஃபைலில் சைக்கிள்ஸ் என்று தொடங்கும் அந்த ஒரு வரிக்குப் போகிறது. ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தனை கட்டளை, அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம் என்று இன்றைய ராட்சத பிராசஸருக்குக் கடிவாளம் போடும் வரி அது. ரியல் மோடு புரோகிராம்களுக்கு அவர்கள் வைத்துவிட்ட எண் 3000. பழைய 8088-க்கு 300-ஐ ஒட்டி வைத்தால் போதும், 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு 6000 பக்கம் போக வேண்டும். 3000 நடுவில் நிற்கிறது. 1990-ஐச் சுற்றி வெளிவந்தவற்றில் பெரும்பகுதி அந்த இடத்தில் மூச்சுவிட்டு நடக்கும்.

கண்ட்ரோலும் எஃப்12-உம் வேகத்தைக் கூட்டும், கண்ட்ரோலும் எஃப்11-உம் குறைக்கும். இதில் பலர் கவனிக்காத நயம் ஒன்று உண்டு. தொடக்க அமைப்பில் ஏறும் படி 10 சதவீதம், இறங்கும் படி 20. ஒருமுறை குறைத்து ஒருமுறை கூட்டினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முடியாது. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் தந்தியை நன்றாக இறக்கிவிட்டுக் கீழிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் விரலுக்கு அந்தப் பழக்கம் தானாக வருகிறது: சட்டென்று இறங்கி, சிறு படிகளில் ஏறி, சரியான இடத்தில் கையை எடுப்பது. தலைப்புப் பட்டையில் எண் மாறுவதைப் பார்க்கக்கூட வேண்டாம். ஆட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆட்டம் என்று நான் சொன்னால் அது விங் கமாண்டர்தான். கிறிஸ் ராபர்ட்ஸ் உருவாக்கி ஆரிஜின் 1990-இல் வெளியிட்டது. இந்தக் கலைக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. விமானம் பறக்கும் பகுதியில் வேகத்துக்கு எந்த வரம்பும் எழுதப்படவில்லை. பிராசஸர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம். எதிரி தூரத்தில் புள்ளியாக இருக்கும்போது வரைய ஒன்றுமில்லை, படம் விறுவிறுவென்று போகும். கில்ராத்திப் போர் விமானம் நேருக்கு நேர் வந்து திரையை அடைக்கும்போது பிராசஸர் திணறும், ஆட்டத்துக்குள் இருக்கும் காலமே இழுபடும். குறிபார்த்துச் சுட நமக்கு நேரம் கிடைப்பது அந்த இழுவையில்தான். ஆபத்து நெருங்க நெருங்கக் காலம் மெதுவாவது அந்த ஆட்டத்தின் நாடகத்தில் பாதி. அதை யாரும் திட்டமிட்டு எழுதியிருக்க வேண்டியதில்லை. அன்றைய இயந்திரம் சேர்த்துக் கொடுத்தது. எக்ஸ்பாண்டட் மெமரி போதுமான அளவு கொடுத்திருந்தால் காக்பிட்டில் விமானியின் கை ஜாய்ஸ்டிக்கோடு சேர்ந்து இடமும் வலமும் அசையும். அந்தக் கை பதறாமல் அசைகிறதா என்று பாருங்கள்.

காதுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஜார்ஜ் சாங்கரும் டேவ் கோவெட்டும் போட்ட இசை டைமரை நம்பி ஓடுகிறது, விமானமோ பிராசஸரை நம்பி. சைக்கிளை ஏற்றிக்கொண்டே போனால் இசை தன் தாளத்திலேயே இருக்க, படம் அதை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடும். சண்டை சூடுபிடிக்கும்போது இசை மாறுவதும், எதிரி திரும்பி வருவதும் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் ஒன்று உண்டு. எனக்கு அது 2600-க்கும் 3400-க்கும் இடையில் கிடைக்கிறது. கூடுதல் வேகம் கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டு பயணங்களை என் அளவில் பறந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

எனக்கு இந்தப் பித்து ஏற்பட்ட இடம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுழையவேண்டிய ஒரு ஏசி அறை. தொண்ணூறுகளின் கம்ப்யூட்டர் சென்டர்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. அங்கே ஒரு 486 வந்த நாளில், 386-இல் நாங்கள் ஆடிப் பழகிய ஆட்டம் கைக்கு அகப்படாமல் பறந்தது. சென்டரில் பாடம் எடுத்த அண்ணன் எழுந்து வந்து, கேபினட்டின் முன்னால் இருந்த டர்போ பொத்தானை அழுத்தினார். பச்சை எழுத்தில் 66 இருந்த இடத்தில் 33 வந்தது. அந்த எண்கள் எதையும் அளந்து காட்டுபவை அல்ல, ஜம்பர் வைத்து முன்கூட்டியே அமைத்தவை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் ஆட்டம் நிதானத்துக்கு வந்தது நிஜம். இயந்திரத்தின் முகப்பிலேயே மெதுவாக்குவதற்கென்று ஒரு பொத்தான் வைத்து விற்ற காலம் அது. பழைய புரோகிராமுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது.

பொத்தான் போனபின் வந்தவை மோஸ்லோ போன்ற சிறு கருவிகள். பிராசஸரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, சராசரியில் மெதுவாக்கிக் காட்டின. சராசரி சரிதான், நடை வெட்டி வெட்டி வந்தது. அதே காலத்தில்தான் டர்போ பாஸ்கலில் எழுதிய நல்ல நல்ல புரோகிராம்கள் திறந்தவுடனேயே விழ ஆரம்பித்தன. அதன் சிஆர்டி யூனிட் 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, 55-ஆல் வகுத்து, விடையை 16 பிட்டுக்குள் வைத்துக்கொள்ளும். பிராசஸர்கள் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய காலத்தில் விடை 65,535-ஐ மீறியது. ரன்டைம் எரர் 200 என்று ஒரு வரி, அவ்வளவுதான். பூஜ்யத்தால் வகுத்ததற்கான பிழை எண் அது. கணக்கிலோ பூஜ்யமே கிடையாது. அளவுக்கு மீறிய வேகத்தாலேயே ஒரு புரோகிராம் செத்துப்போகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. டாஸ்பாக்ஸில் 3000-இல் வைத்துத் திறந்தால் பழுதுபார்ப்பு எதுவும் இல்லாமல் அதே ஃபைல் எழுந்து நடக்கிறது.

86பாக்ஸ் என்ற எமுலேட்டரின் அன்பர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். டாஸ்பாக்ஸ் கூட்டலுக்கும் வகுத்தலுக்கும் ஒரே விலை போடுகிறது, நிஜமான 386-இல் வகுத்தல் பல மடங்கு நேரம் தின்னும், ஆகவே உன் சைக்கிள் கணக்கு தோராயம் என்பார்கள். உண்மை. மதர்போர்டைத் தேர்ந்தெடுத்து, பயாஸ் ஏற்றி, மெமரி எண்ணிக்கை ஓடுவதைப் பார்த்து ரசிக்கும் அவர்களுடைய நுணுக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒரு 386 இன்னொரு 386 போல ஓடியதா? கேஷ் இருந்ததா, எந்த விஜிஏ அட்டை, மெமரி எவ்வளவு சுணங்கியது என்பதைப் பொறுத்து ஒரே ஆட்டம் வீட்டுக்கு வீடு வேறு நடையில் போனது. சரியான வேகம் என்பது ஒரு புள்ளியாக என்றுமே இருந்ததில்லை, ஓர் இடைவெளியாகத்தான் இருந்தது. அந்த இடைவெளிக்குள் விரலால் நகர்ந்து தேடும் சுதந்திரத்தை டாஸ்பாக்ஸ் தருகிறது. மூலநிரலை எடுத்துப் புதிதாகக் கட்டுவோம் என்பவர்கள் டூமைக் காட்டுவார்கள். 1997-இல் அதன் நிரல் வெளியானதிலிருந்து அது ஓடாத கருவி இல்லை. டூமின் உள்கடிகாரம் விநாடிக்கு 35 துடிப்பு என்று எழுதப்பட்டது, எங்கே கொண்டுபோனாலும் நடை மாறாது. விங் கமாண்டருக்கு அப்படி ஒரு கடிகாரம் இல்லை.

நம் ஊர்க் கல்லூரி லேப்களில் டர்போ சி++ நீலத்திரை வெகுகாலம் உயிரோடு இருந்தது. 64 பிட் விண்டோஸ் வந்தபின் டாஸ்பாக்ஸின் தயவில்தான் அது இருந்தது. 64 பிட் முறையில் இயங்கும் பிராசஸரில் விர்ச்சுவல் 8086 மோடு கிடையாது என்பதால், விண்டோஸ் நேரடியாக அதை ஓட்ட வழியில்லாமல் போயிற்று. ரெக்கார்டு நோட்டுக்காகக் கோடும் வட்டமும் போட்டு ஒரு காரை வரைந்து, வெற்று ஃபார் லூப்பால் தாமதம் கொடுத்து, திரையின் குறுக்கே ஓட்டிய தலைமுறைக்குச் சைக்கிள் என்றால் என்னவென்று சொல்லித்தரவே வேண்டாம். மேக்ஸ் என்று வைத்தால் கார் கண்ணுக்கே தெரியாது.

அந்த மேக்ஸ்தான் என் குறை. பழைய ஆட்டங்களை டாஸ்பாக்ஸோடு கட்டி விற்கும் பொதிகள் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். ரியல் மோடு ஆட்டத்துக்கும் சைக்கிள்ஸ் மேக்ஸ். அதோடு ஆஸ்பெக்ட் ஃபால்ஸ். 320க்கு 200 என்ற படம் 4:3 திரைக்காக வரையப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருந்தால்தான் ஓவியர் வரைந்த வட்டம் வட்டமாகத் தெரியும். சதுரப் புள்ளியில் போட்டால் கோள்கள் நசுங்குகின்றன, மனிதர்கள் குட்டையாகிறார்கள். நசுங்கிய படத்தை மிஞ்சிய வேகத்தில் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு போனால் எனக்கு வயிறு எரிகிறது.

டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் குழுவினர் இதில் மனம் குளிர நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பதிப்பில் உயர விகிதம் தொடக்கத்திலேயே திருத்தப்பட்டிருக்கிறது. ரியல் மோடுக்கு அதே 3000 நிற்கிறது. விற்பவர்கள் அதிலிருந்து அந்த இரண்டு வரிகளை எடுத்துத் தங்கள் கான்ஃபிக்கில் போட்டால் போதும். விங் கமாண்டரை வாங்கியவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கான்ஃபிக்கை நோட்பேடில் திறந்து ஆஸ்பெக்டை ட்ரூ ஆக்குங்கள், சைக்கிள்ஸுக்கு 3000 எழுதுங்கள். முதல் பயணத்திலேயே எஃப்11-ஐ ஒருமுறை அழுத்திவிட்டு எஃப்12-ஆல் ஏறி வாருங்கள்.