செமோர் சாலைக்கு எந்த அப்சோர்பர்?

செமோரிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் கந்தான் வரைக்கும் ஒருமுறை போய் வந்தால் போதும், காரின் அப்சோர்பர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சிமெண்டு லாரிகள் ஓடி ஓடி இடது தடத்தில் தார் இரண்டு வரியாக அமுங்கிக் கிடக்கிறது. அதன்மேல் ஒட்டு, ஒட்டின்மேல் இன்னோர் ஒட்டு. அங்கிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண்ணும் சரளையும். ரப்பர் மரம் இருந்த காலத்தில் என் அப்பா கப்சாயில் போய் வந்த பாதை அது.

அந்தப் பாதையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவது அறிவுள்ளவன் செய்கிற வேலை இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னுடையது யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானுக்கு வெளியே மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற பெயரில் 1989-இல் வந்த அதே முதல் தலைமுறை. 1.6 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன், எடை ஏறத்தாழ 940 கிலோ. வாங்கும்போதே பின் அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. ஒரு பம்பு ஏறி இறங்கினால் கார் மூன்று தடவை தலையாட்டும்.

ஈப்போவில் எந்த ஹாஃப்கட் கடைக்குப் போனாலும் முதலில் எடுத்து நீட்டுவது ‘அட்ஜஸ்டபல்’. ஹை-லோ, சாஃப்ட்-ஹார்ட், பாடிஷிஃப்ட், மேலே திருகினால் டிக் டிக்கென்று முப்பது கிளிக். நானும் மயங்கினேன். பழைய செட் ஒன்றை அறுநூறு வெள்ளிக்கு வாங்கி மாட்டினேன். முதல் நாள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் கந்தான் சாலையில் என் பல் கிட்டியது. மேலே உள்ள திருகை முழுக்க ‘சாஃப்ட்’ பக்கம் திருப்பினேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு மாதத்தில் முன்பக்கம் ஒன்று கசியவும் ஆரம்பித்தது.

“தம்பி, இது வேற கனமான காருக்குப் போட்ட ஸ்பிரிங். உன் கார் அதுக்கு மேலே சும்மா உட்கார்ந்திருக்கு,” என்றார் எங்கள் ஃபோர்மேன்.

“திருகு இருக்கே அண்ணே?”

“அது ஓரத்திலே ஒரு சின்ன ஓட்டையைத் திறந்து மூடும். அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுப்பதை எண்ணெய்க்குள் சூடாக்கிக் கரைப்பது அப்சோர்பரின் வேலை. பிஸ்டனில் உள்ள மெல்லிய எஃகு வட்டத் தகடுகள் வளைந்து எண்ணெய்க்கு வழி விடுகின்றன. வளைவில் கார் சாயும்போது பிஸ்டன் மெதுவாக நகரும். அங்கே பிடி வேண்டும். ஒட்டின் விளிம்பில் டயர் மோதும்போது பிஸ்டன் பாயும்; அப்போது எண்ணெய் தடையில்லாமல் ஓட வேண்டும். மலிவான செட்டில் அந்தத் திருகு பெரும்பாலும் முதல் வேலையை மட்டுமே மாற்றுகிறது. பல்லை ஆட்டியது இரண்டாவது. விஷயம் தெரிந்து வால்வு வைத்தவர் இல்லையென்றால் முப்பது கிளிக்கும் வீண்.

இதோடு லேசான காருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் சேர்கின்றன. என் காரில் ஒரு மூலைக்கு வரும் எடை சுமார் 235 கிலோ. டயர், ரிம், பிரேக் எல்லாம் சேர்ந்து 35 கிலோ என்று வைத்தால் ஸ்பிரிங் தாங்குவது 200 கிலோதான். 1,500 கிலோ செடான் என்றால் அதுவே 340 கிலோ இருக்கும். அந்தச் செடானில் உறைக்காத ஓர் உராய்வு, ஒரு சின்ன ‘ஒட்டிக்கொள்ளல்’, இங்கே உடம்பில் தெரியும். அடுத்தது வாயு அழுத்தம். ஒற்றைக் குழாய் அப்சோர்பரில் எண்ணெய் நுரைக்காமலிருக்க நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். 14 மில்லிமீட்டர் கம்பி, 20 பார் அழுத்தம் என்று கணக்குப் போட்டால், அந்த வாயு மட்டுமே கம்பியைச் சுமார் 31 கிலோ விசையில் வெளியே தள்ளும். இருநூறு கிலோ மூலைக்கு இது சின்ன விஷயமில்லை. கார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கலாம். ‘மாட்டியதும் உயரம் கூடிவிட்டது’ என்று குழம்புகிறவர்கள் ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் இதை யோசிக்கலாம்.

அதற்காக ஒற்றைக் குழாய் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஒரு நண்பர் தன் எம்எக்ஸ்-5-இல் பில்ஸ்டீன் போட்டிருக்கிறார். இந்த வகை வாயு அப்சோர்பரை 1957-இல் மெர்சிடிஸ் கார்களுக்காக முதன்முதலில் பெரிய அளவில் தயாரித்த நிறுவனம் அது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும் சாலையில் அவர் காரை ஒரு காலை முழுக்க ஓட்டினேன். வளைவுக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் சாய்ந்து, அந்தச் சாய்விலேயே நின்றது. மறு யோசனை கிடையாது. கீழே இறங்கும்போது, பிரேக் சூடாகி மணம் வந்த பிறகும், அப்சோர்பர் ஏறும்போது இருந்த மாதிரியே இருந்தது. மலைச் சாலைக்கென்றே கார் வைத்திருப்பவர் இதற்கு மேல் தேட வேண்டாம்.

நான் வாங்கியது கோனி, மஞ்சள் நிறத்தில் வருகிற இரட்டைக் குழாய் வகை. நெதர்லாந்தில் 1857-இல் குதிரைச் சேணம் செய்யும் குடும்பத் தொழிலாகத் தொடங்கிய நிறுவனம் இது. குதிரை குலுங்குவதிலிருந்து கார் குலுங்குவதற்கு வந்தவர்கள்! இதன் திருகு எழும்பும் பக்கத்தை மட்டும் மாற்றும். அமுங்கும் பக்கம் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும். முதலில் இது குறையாகத்தான் பட்டது. செமோர் சாலையில் ஓட்டிய பிறகு, அந்தப் பக்கத்தில் என்னைக் கை வைக்க விடாதது நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது. டயர் மேட்டில் ஏறும்போது விட்டுக்கொடுக்கிறது, இறங்கும்போது பிடித்து நிறுத்துகிறது.

சின்ன வயதில் லயத்து வீட்டுக்குக் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கும்போது அம்மா வாளியில் ஓர் இலையைப் போடச் சொல்வார். அலம்பாது. அந்த இலை மாதிரிதான் இது. தண்ணீரை உறைய வைக்காது, அலையை மட்டும் அடக்கும்.

பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 1996-இல் புரோட்டோன் லோட்டஸ் கம்பெனியை வாங்கியது. அதே ஆண்டு விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் வெறும் 720 கிலோவுக்குச் சற்று மேல்தான். அதன் முதல் தலைமுறையில் கோனி, அடுத்ததில் பில்ஸ்டீன். இரண்டிலும் அந்தக் காரின் நடை பாராட்டு வாங்கியது. அளந்து வால்வு வைத்தவர்களின் கைதான் காரணம். ஸ்பிரிங்கை மென்மையாக விட்டு, கட்டுப்பாட்டை அப்சோர்பரிடம் ஒப்படைப்பது லோட்டஸ்காரர்களின் பழைய பழக்கம். நம் ஊரில் என்ன நடந்தது? சத்ரியா ஜிடிஐ-யின் பின்னால் இருந்த ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’ ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, அதையே வீராவிலும் கஞ்சிலிலும் ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டி எறிந்தோம். நானும் வெட்டியவன்தான்.

வெட்டுவதில் இன்னொரு கேடு, பம்ப் ஸ்டாப். அப்சோர்பர் கம்பியில் கோத்திருக்கும் அந்த ரப்பர் கட்டையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் சக்கரம் மேலே போக இருக்கும் இடமே குறைவு. நான்கு சென்டிமீட்டர் தாழ்த்தினால் கார் பாதி நேரம் ரப்பர் மேலேயே ஓடும். அப்சோர்பர் கல்லாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் ரப்பரைத்தான் திட்டுகிறார்கள். என் யோசனை: தாழ்த்தாதீர்கள். தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் ஒன்றரை சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டு, மேல் மவுண்ட்டை இரண்டாம் தலைமுறை காரினுடையதாக மாற்றுங்கள். கொஞ்சம் இடம் கிடைக்கும். பெயர் மாற்றும் நாளில் புஸ்பாக்கோம் பரிசோதனையிலும் தலைவலி குறையும்.

பொருத்தும்போது ஒரு சின்ன வேலையை ஃபோர்மேன் மறக்கலாம், நீங்கள் மறக்கக் கூடாது. விஷ்போன் புஷ்ஷின் போல்ட்டுகளைக் கார் தரையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய அப்சோர்பர், முறுக்கிய ரப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

கோனியின் திருகை முதலில் முழுக்க மென்மையில் வைத்து கந்தான் வரை போனேன். பின்பக்கம் லேசாக மிதந்தது. கால் சுற்று ஏற்றினேன், பிறகு இன்னும் கொஞ்சம். முன்னால் அரைச் சுற்று, பின்னால் அதற்குச் சற்றுக் கீழே. மெனோரா சுரங்கம் தாண்டி நெடுஞ்சாலை இறக்கத்தில் அந்த அளவு சரியாக இருந்தது. திரும்பி வந்து ஃபோர்மேனிடம் சாவியைக் கொடுத்தேன். தோட்டப் பாதை வரை ஓட்டிவிட்டு வந்தவர் போனெட்டைத் திறந்தார். திருகுமேல் விரலை வைத்தார், ஆனால் திருப்பவில்லை.

“இது மேலே ஒரு பெயிண்ட் புள்ளி வச்சுடு தம்பி,” என்றார். “நீ நோண்டாம இருக்க மாட்டே.”