மூக்கைப் பாருங்கள்

சேரன்மகாதேவிப் பக்கம் பிசான அறுப்பு முடிந்த வயலில் குருவிக் கூட்டம் ஒன்று இறங்குகிறது. தவிட்டு நிறம், முதுகில் கறுப்புக் கோடுகள், கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம். எல்லாம் பெண் சிட்டுக்குருவிகள்தான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களே அதிகம். பாதிக்குமேல் தூக்கணாங்குருவியாகவும் இருக்கலாம்.

ஆண்களைப் பிரித்துச் சொல்வதில் பெரிய ருசி கிடையாது. சிட்டுக்குருவிக்குக் கறுப்புத் தாடி. கூடு கட்டும் காலத்துத் தூக்கணாங்குருவிக்கு மஞ்சள் தலை, கரிய முகம். பனையில் தொங்கும் கூட்டை வைத்துப் பெயர் சொல்வதோ, வாசல் பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் இன்னார் என்பதைப் போன்றது. அந்த மஞ்சள் உதிர்ந்து ஆணும் பெண்ணும் ஒரே தவிடாய்த் திரியும் மாதங்களில்தான் கண்ணுக்கு வேலை.

அப்போது நிறத்தை விட்டுவிட்டு மூக்கைப் பார்க்க வேண்டும். சிட்டுக்குருவியின் அலகு முகத்துக்கு ஏற்ற சிறு கூம்பு. தூக்கணாங்குருவிக்கு அது முகத்தை மீறிப் பருத்து வெளிறியிருக்கும், வாலும் கட்டை. குளத்துச் சம்புப் புல்லில் உட்கார்ந்திருப்பதன் நெஞ்சில் அழுத்தமான கோடுகள் ஓடினால் அது இன்னொரு உறவு, கோட்டுத் தூக்கணாங்குருவி.

என் பிரியம் நான்காவது ஒன்றின் மேல்: மஞ்சள் தொண்டைச் சிட்டு. நெல்வயலை விட, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டு மரங்களே இதற்கு உவப்பு, கூடும் மரப்பொந்தில்தான். பின்னாளில் பறவையியலாளரான சாலிம் அலி, 1908 வாக்கில் பம்பாயில் சிறுவனாகச் சுட்டு வீழ்த்தியது இதைத்தான். தொண்டையின் மஞ்சளைக் கண்டு குழம்பி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனான். செயலாளர் மில்லார்டு பெயரைச் சொன்னதோடு, பாடம்பண்ணிய பறவைகள் இருந்த அலமாரிகளையும் திறந்து காட்டினார். 1985-இல் வந்த சாலிம் அலியின் தன்வரலாற்றுத் தலைப்பிலும் இந்தக் குருவி இருக்கிறது.

கையில் கிடந்த பறவைக்கு மஞ்சள் சரி. உச்சி வெயிலில் உடைமரத்துக் கிளையில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதற்கு அது உதவாது. பெண்ணுக்கோ அந்த மஞ்சளும் மங்கல், ஆணின் செம்பழுப்புத் தோளும் அவ்வளவு எடுப்பாக இராது. முதுகைப் பாருங்கள்: கோடே இல்லாமல் வழுவழுவென்று சாம்பல் பழுப்பு. சிறகில் இரண்டு வெள்ளைப் பட்டை. அலகு சிட்டுக்குருவியினுடையதை விட ஒடுங்கியது. மூன்றும் சேர்ந்து அமைந்தால், தொண்டையைக் காட்டாமலே அது பறந்துபோனாலும் தைரியமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.