எதிர்நிலைமாந்தர்மீதான இரக்கமும் அறத்தேர்வும்: இராவண காவியம், தெருக்கூத்து, இணைய விளையாட்டுக் கதை – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எதிர்நிலைமாந்தர்மீது இரக்கம் பிறக்குமாறு கதை புனைவது இன்றைய இணைய விளையாட்டுகளின் புதுமையாகக் கருதப்படுகிறது. கொங்கு வட்டாரத்தின் இலக்கிய, நிகழ்த்துகலை மரபில் இம்முறை இருவேறு வடிவங்களில் முன்னரே நிலைபெற்றுள்ளது. எதிர்நிலைமாந்தரைக் குற்றமற்றவராக மாற்றி எழுதுவது முதல் வடிவம். குற்றத்தைக் குறைக்காமலேயே அவருக்காக அழுவது இரண்டாம் வடிவம். புலவர் குழந்தையின் இராவண காவியம் முதலாவதற்கும், தெருக்கூத்தின் கர்ணனும் துரியோதனனும் இரண்டாவதற்கும் சான்றுகளாகின்றனர். இவ்விரு வடிவங்களையும் வார்கிராஃப்ட் விளையாட்டுக் கதையோடு ஒப்பிடும் இக்கட்டுரை, அறத்தேர்வு என்பது கதையின் முடிவை மாற்றும் உரிமையைச் சார்ந்ததன்று, செயலுக்கு முன் அமையும் நிறுத்தத்தைச் சார்ந்தது என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: எதிர்நிலைமாந்தர், அறத்தேர்வு, இராவண காவியம், தெருக்கூத்து, கர்ண மோட்சம், படுகளம், வார்கிராஃப்ட்

முன்னுரை

1943ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று சேலம் செவ்வாய்ப்பேட்டை தேவாங்கர் பாடசாலையில் ஒரு சொற்போர் நடைபெற்றது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்னும் கருத்தை அறிஞர் அண்ணா முன்வைக்க, நாவலர் சோமசுந்தர பாரதியார் அதனை மறுத்து உரையாற்றினார். அதற்கு முந்தைய மாதம் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையுடன் நிகழ்ந்த சொற்போரும் இதுவும் 'தீ பரவட்டும்' என்னும் நூலாக வெளிவந்தன. ஒரு காப்பியம் யாரை அரக்கர் என்று அழைக்கிறது, அவ்வாறு அழைக்கும் உரிமையை அதற்கு யார் அளித்தனர் என்னும் வினாக்கள் அவ்விவாதத்தின் அடியில் இருந்தன.

இன்று சேலம், நாமக்கல் பகுதிக் கல்லூரி விடுதிகளில் இரவு நெடுநேரம் இணைய விளையாட்டுகளில் ஈடுபடும் மாணவர்களிடம் பேசினால், அவர்கள் விரும்பிச் சொல்வது கதைத்தலைவர்களின் வெற்றியைப் பற்றியதாக இருப்பதில்லை. வீழ்ந்தவர்களின் கதையாகவே பெரும்பாலும் இருக்கிறது. 'அவன் செய்தது தப்பு. ஆனால் அவன் இடத்தில் வேறென்ன செய்ய முடியும்?' என்பதே அவர்களது வாதத்தின் சாரம். இவ்வாதத்தின் இரண்டாம் பகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குற்றம் நீக்கும் இரக்கம்: இராவண காவியம்

ஈரோடு மாவட்டம் ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை (1906–1972) இயற்றிய இராவண காவியம் 1946இல் வெளிவந்தது. ஐந்து காண்டங்களும் 57 படலங்களும் 3100 பாடல்களும் கொண்ட இப்பெருநூல் 1948இல் அரசால் தடை செய்யப்பட்டது. 1971இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட 23 ஆண்டுகள் இந்நூல் எழுப்பிய வினாவின் வலிமையைக் காட்டும்.

இந்நூலில் இராவணன் தமிழ் மன்னன், அறிஞன், அன்பு மிக்க கணவன். இராமகாதையில் அவனது பெருங்குற்றமாகக் கூறப்படும் சீதையைக் கவர்தல், தங்கைக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கான எதிர்வினையாக இங்கு அமைகிறது. அறத்தின் சார்பில் நின்றவனாகவே அவன் போரில் வீழ்கிறான். இந்த மாற்றத்திற்கு வரலாற்றுத் தேவை இருந்தது. ஓர் இனத்தையே அரக்கர் என்று பெயரிட்டு, அதன் அழிவைக் கொண்டாடும் கதையாடலை மறுப்பதற்கு அவ்வினத்தின் வாயிலாகவே கதையைச் சொல்லிக் காட்டவேண்டியிருந்தது. பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' (1934) நாடகமும் இவ்வழியில் முன்னர்ச் சென்றதே.

எனினும் கதைமாந்தர் படைப்பு என்னும் நிலையில் இம்முறைக்கு ஒரு விலை உண்டு. குற்றம் முழுமையாக மறுபக்கத்திற்கு மாற்றப்படும்போது, எதிர்நிலைமாந்தர் எதிர்நிலைமாந்தராக நீடிப்பதில்லை, தலைமைமாந்தராகிவிடுகிறார். அவர்முன் இருவழிகள் கிடந்தன என்பதும், அவற்றுள் தவறானதைத் தேர்ந்தார் என்பதும் கதையிலிருந்து மறைகின்றன. படிப்போர்க்கு அநீதியைக் கண்ட சினம் எழுகிறது. தேர்வு ஒன்றை எடைபோடும் தேவை எழுவதில்லை.

இதனைக் கம்பனின் கும்பகருணனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். சீதையை விடுவித்தலே முறை என்று அண்ணனுக்கு எடுத்துரைத்தவன் அவன். அவ்வுரை ஏற்கப்படாதபோது, தவறான பக்கம் என்று அறிந்தே போர்க்களம் புகுகிறான். இராமன் பக்கம் வருமாறு வீடணன் களத்திற்கே வந்து அழைத்தபோதும் மறுக்கிறான். வழி திறந்திருந்தது, அவனும் அதனை அறிந்திருந்தான், வளர்த்தவனுக்குப் பட்ட கடனை முன்னிட்டு அவ்வழியில் செல்லவில்லை. சேலத்தில் எரிக்கத்தக்கது என்று வாதிடப்பட்ட நூலிலேயே, எதிரணி மாந்தர் ஒருவரின் அறத்தேர்வு இத்துணை நுட்பமாகப் பதிவாகியுள்ளமை எண்ணத்தக்கது. யார் பெயரிடுகிறார் என்னும் இராவண காவியத்தின் வினாவும், அறிந்தும் ஏன் அங்கு நின்றான் என்னும் கும்பகருணனின் வினாவும் தனித்தனியானவை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்புவதில்லை.

குற்றத்தோடு கூடிய இரக்கம்: தெருக்கூத்து

சேலம், நாமக்கல் சிற்றூர்களில் மாரியம்மன் திருவிழாக்களை ஒட்டி விடிய விடியக் கூத்து நிகழ்த்தும் மரபு இன்றும் உள்ளது. சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் 'மணல்வீடு' இதழும் 'களரி' அமைப்பும் இப்பகுதிக் கூத்துக் கலைஞர்களுக்குத் துணைநின்று வருகின்றன. பாரதக் கூத்துகளுள் மக்கள் பெரிதும் விரும்பிக் கேட்பவற்றுள் ஒன்று கர்ண மோட்சம். புகழேந்திப் புலவர் பெயரால் அச்சில் வழங்கும் இந்நாடகத்தை ஹன்னே டி புருயின் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1998இல் வெளியிட்டார்.

போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் மனைவி பொன்னுருவிக்கும் இடையிலான காட்சி இந்நாடகத்தின் உயிர்ப்பகுதி. ஊரார் கூறும் பிறப்பிழிவு அங்கு வீட்டிற்குள்ளேயே பேசப்படுகிறது. கர்ணன்மீது இரக்கம் பெருகும் இடம் இது. ஆயினும் அவனது குற்றத்தைக் கூத்து மறப்பதில்லை. திரௌபதியை அவையில் இழித்துரைத்தோருள் அவனும் ஒருவன் என்பதைத் துகிலுரிதல் கூத்தைக் கண்ட ஊர் அறியும். தன் பிறப்பை அறிந்த பின்னரும் அவன் துரியோதனன் பக்கமே நிற்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்னும் ஒற்றைத் தொடரில் தமிழ்மரபு இத்தேர்வைச் சுருக்கி வைத்திருக்கிறது.

கட்டுரையாளர் சிறுவயதில் நாமக்கல் பகுதிச் சிற்றூர் ஒன்றில் இக்கூத்தைக் கண்டபோது, கர்ணன் சாயும் விடியற்பொழுதில் அருகிலிருந்த அம்மாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கெட்டவர்களோடு சேர்ந்தவனுக்கு ஏன் அழவேண்டும் என்று கேட்டதற்கு, 'நல்லவந்தாங் கண்ணு, நின்ன எடந்தான் தப்பு' என்றார். ஆளையும் அவன் நின்ற இடத்தையும் பிரித்துப் பார்க்கும் இக்கூற்றில் இரக்கமும் தீர்ப்பும் ஒருங்கே உள்ளன. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் இழவையும் வைக்கிறார். இழந்தவர் நல்லவராக இருக்கவேண்டும் என்னும் வரையறை அங்கு இல்லை.

துரியோதனன் நிலையில் இது மேலும் கூர்மையடைகிறது. வடமாவட்டங்களில் செறிந்து, சேலம் வரை பரவியுள்ள திரௌபதை அம்மன் திருவிழாக்களில், படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம் தரையில் கிடக்கும். அவன் வீழ்ந்ததும் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அதே களத்தில் காந்தாரி வேடமிட்ட கலைஞர் மகனுக்காக ஒப்பாரி வைக்கிறார். பாதிக்கப்பட்டவளின் நிறைவும் பெற்றவளின் இழவும் ஒரே மண்ணில் ஒரே நாளில் நிகழ்கின்றன. துரியோதனனுக்கான ஒப்பாரி திரௌபதியின் வழக்கைத் தள்ளுபடி செய்வதில்லை.

தெருக்கூத்தை ஆய்ந்தோர் பதிவுசெய்துள்ள மற்றொரு வழக்கம் இக்கட்டுரைக்கு மையமானது. துகிலுரியும் காட்சியில் துச்சாதனனாக ஆடும் கலைஞர், திரௌபதி வேடதாரியின் சேலையைத் தொடுமுன் கூத்தை நிறுத்திச் சூடம் ஏற்றி, அம்மனிடம் பிழைபொறுக்க வேண்டுகிறார். கதை மாறப்போவதில்லை என்பது அவருக்கும் ஊருக்கும் தெரியும். இருப்பினும் கைபடுவதற்கு முன் ஒரு நிறுத்தம் தேவைப்படுகிறது. தான் செய்யவிருப்பது தீங்கு என்பதை, அதனை நிகழ்த்தும் உடலே ஒப்புக்கொள்ளும் தருணம் அது.

விளையாடுவோரின் கையால் நிகழும் தீங்கு: வார்கிராஃப்ட்

பிளிசார்ட் நிறுவனத்தின் வார்கிராஃப்ட் வரிசை 1994இல் தொடங்கியது. முதல் விளையாட்டில் ஓர்க்குகள் மனிதர் நாட்டின்மீது படையெடுத்துவரும் கொடிய இனம். 2002இல் வந்த மூன்றாம் விளையாட்டிலோ அவர்கள் திரால் என்னும் தலைவனின்கீழ் புதிய வாழ்விடம் தேடும் மக்களாகின்றனர். அவர்களது பழைய வெறிக்குப் பேய்க்குருதி தந்த சாபமே காரணம் எனப்படுகிறது. இதுவரை இது இராவண காவியத்தின் வழி. ஆனால் குரோம் என்னும் மூத்த வீரன் வாயிலாக ஓர் உண்மை பின்னர் வெளிப்படுகிறது: முன்னைத் தலைவர்கள் அக்குருதியை விரும்பியே அருந்தினர். இனத்தின்மீதான பழியை நீக்கிய கதை, தலைவர்களின் பொறுப்பை அவர்களிடமே திருப்பித் தருகிறது. இருவகை இரக்கமும் ஒரே கதையில் அடுத்தடுத்து அமைய இயலும் என்பதற்கு இது சான்று.

அதே விளையாட்டின் மற்றொரு மாந்தரான இளவரசன் ஆர்தஸ் கும்பகருணனுக்கு மறுதலையான நிலையில் நிற்கிறான். ஸ்ட்ராத்ஹோம் என்னும் நகரின் மக்கள் நோய்பட்ட தானியத்தை உண்டுவிட்டனர். அவர்கள் விரைவில் நடைபிணங்களாகிப் பகைவனின் படையாவர். அதற்குமுன் அனைவரையும் கொன்றுவிட ஆர்தஸ் ஆணையிடுகிறான். அவனது ஆசான் உதர் மறுக்கிறார். அவன்மீது அன்புகொண்ட ஜெயினா முகம்திருப்பிச் செல்கிறாள். விலகிச் செல்லும் வழி கண்முன்னே காட்டப்படுகிறது. ஆனால் விளையாடுவோர் அவ்வழியில் செல்ல இயலாது. ஆர்தஸின் கையாக இருந்து வீடுகளை இடித்து, உள்ளிருப்போரைக் கொன்றால்தான் கதை நகரும்.

மாணவர்கள் கூறும் 'வேறென்ன செய்ய முடியும்' என்னும் தொடரின் பிறப்பிடம் இதுவே. அத்தொடர் விளையாடுவோர்க்குப் பொருந்தும், ஆர்தஸுக்குப் பொருந்தாது. உதரும் ஜெயினாவும் வேறு செய்ய முடியும் என்பதைச் செய்தே காட்டினர். விளையாட்டின் அமைப்பு விதித்த கட்டாயத்தை, கதைமாந்தரின் கட்டாயமாக நாம் பிறழ உணர்கிறோம்.

அக்கட்டத்தின் அமைப்பு இப்பிறழ்வை மிகுவிக்கிறது. பகைவன் நூறு பேரைத் தன்வயமாக்கும்முன் விளையாடுவோர் நூறு பேரைக் கொல்லவேண்டும். அறச்சிக்கல் ஓர் எண்ணிக்கைப் போட்டியாக மாறுகிறது. எண் ஏறிக்கொண்டிருக்கும்போது எண்ணிப்பார்க்க நேரமில்லை. துச்சாதன வேடதாரியும் விளையாடுவோரும் ஒரே நிலையினர். இருவருக்கும் முடிவை மாற்றும் உரிமை இல்லை. இருவரும் தத்தம் கையால் தீங்கை நிகழ்த்துகின்றனர். ஒருவருக்குச் சூடம் எரியும் அளவிற்கு ஒரு நிறுத்தம் கிடைக்கிறது. மற்றவருக்கு விரைவு கிடைக்கிறது.

இக்கதை தன் கடனை உணராமல் இல்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டின் 2008ஆம் ஆண்டுத் தொடர்ச்சியில், விளையாடுவோர் காலத்தில் பின்சென்று, வரலாறு மாறாதிருக்கும்பொருட்டு ஆர்தஸின் அதே படுகொலைக்கு உடன்நின்று உதவவேண்டியுள்ளது. இம்முறை அவர்கள் பின்விளைவுகளை அறிந்தவர்கள். முடிவு தெரிந்தே கூத்துக்களம் வரும் ஊராரின் நிலையை அவர்கள் அடைகின்றனர். ஆர்தஸ் இறுதியில் வீழும்போது, அவனால் கொல்லப்பட்ட தந்தையின் ஆவியே அருகிருந்து வழியனுப்புகிறது. படுகளத்து ஒப்பாரியை நினைவூட்டும் காட்சி இது. ஆனால் ஸ்ட்ராத்ஹோமின் மக்களுக்கு அங்கு இடமில்லை. கூந்தல் முடிக்க ஒரு திரௌபதி அக்களத்தில் நிற்கவில்லை என்பதே கூத்திற்கும் இதற்குமான இடைவெளி.

முடிவுரை

எதிர்நிலைமாந்தர்மீது பிறக்கும் இரக்கம் ஒருபடித்தானதன்று. பெயரிடுதலின் அநீதியை மறுக்கக் குற்றம் நீக்கும் இரக்கம் வேண்டும். இராவண காவியம் அப்பணியைச் செய்தது. தனிமாந்தரின் தேர்வை எடைபோடக் குற்றத்தோடு கூடிய இரக்கம் வேண்டும். கம்பனின் கும்பகருணனும் கூத்தின் கர்ணனும் அதற்கு இடமளிக்கின்றனர். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் எதிர்நிலைமாந்தரை மறுவாசிப்புச் செய்யும்போது முதல் வகையையே பெரிதும் நாடுகின்றன. குற்றம் இல்லை என்று நிறுவுவதே ஆய்வின் வெற்றியாகக் கொள்ளப்படுகிறது. அவ்வெற்றியில் பாதிக்கப்பட்டோர் காணாமற்போகும் இடர் உண்டு.

ஆகவே இத்தகு மாந்தரை ஆராய்வோர் மூன்று வினாக்களைக் கருதலாம். அவர்முன் வேறு வழி திறந்திருந்ததா? அதனை அவர் அறிந்திருந்தாரா? அவருக்காக நாம் அழும் களத்தில், அவரால் துன்புற்றோருக்கும் இடம் உண்டா? இவ்வினாக்கள் காப்பியத்திற்கும் கூத்திற்கும் விளையாட்டிற்கும் ஒருங்கே பொருந்துவன. முடிவை மாற்றும் உரிமையை விளையாடுவோர்க்கு வழங்குவதால் மட்டும் அறத்தேர்வு பிறந்துவிடாது. கை நீளுமுன் சற்றே நிற்கச் செய்யும் அமைப்பு இருந்தால், மாற்ற இயலாத கதையிலும் அது பிறக்கும். தமிழில் விளையாட்டுக் கதை எழுத முனைவோர்க்குத் தெருக்கூத்திலிருந்து பெறத்தக்க முதற்பாடம் இந்நிறுத்தமே எனலாம்.