பால் எங்களுது, பொழுது யாருது?

ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 1992இலிருந்து கொண்டாடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் புதுப்படம் ஏறும். படத்துத் தாய் நல்ல சிவப்பு, பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். கீழே 'தாய்ப்பாலே சிறந்தது' என்ற வாசகம். கவிதையையும் கதையையும் மட்டும்தான் விமர்சிக்க வேண்டுமா? இந்தப் படத்தையும் ஒரு பிரதியாக வைத்துப் படித்துப் பார்ப்போம்.

இந்த வாசகம் யாரிடம் பேசுகிறது? தெரியாதவளிடம் பேசுகிறது. பாலின் அருமை புரியாத ஒருத்தி எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால், ஆறு மாசம் வரைக்கும் பால் மட்டும், அப்புறம் இரண்டு வருசமோ அதற்கு மேலுமோ மற்ற சாப்பாட்டோடு பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நர்சம்மா வந்து வந்து சொல்லி எங்கள் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா நடவுக்குப் போறவ விடியக்காலம் புள்ளையக் கெழவிகிட்ட வுட்டுட்டுப் போறா. வெயில் ஏறுறதுக்குள்ள மாரு கட்டிக்குது, ரவிக்கை நனையுது. வரப்போரமா குந்திப் பீச்சி வுட்டுட்டு மறுபடியும் சேத்துல எறங்குறா. வீட்டுல புள்ள சர்க்கரத் தண்ணி குடிச்சிக்கிட்டுக் கெடக்கு. பால் வற்றிப் போகவில்லை. பொழுதுதான் அவள் கையில் இல்லை. படத்தில் அவள் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் நான் பாடம் கேட்ட தாய்களும் அந்தப் படத்துத் தாய்க்கு உறவுக்காரிகள்தான். புறநானூற்றுக் கிழவி, மகன் புறங்காட்டியிருந்தால் அவன் உண்ட முலையை அறுப்பேன் என்று வஞ்சினம் சொல்கிறாள். அங்கே பால் வீரம். சீர்காழிக் குளக்கரையில் அழுத சம்பந்தருக்கு உமை பொற்கிண்ணத்தில் கொடுக்கிறாள். அங்கே பால் ஞானம். ஐவகைத் தாயரில் முலைத்தாய் என்று ஒருத்தி வருகிறாள், அடுத்தவள் பிள்ளைக்குப் பாலூட்டுகிறவள். அவள் பெத்த புள்ள என்ன குடிச்சிச்சு? வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. பாலைப் புனிதமாக்கிப் பேசிப் பேசி, பாலூட்டுவதும் உழைப்புதான், அதற்கு நேரம் வேண்டும், சோறு வேண்டும் என்பதை மறைத்துவிட்டார்கள்.

இலக்கியம் சொல்லாததைக் கீழத்தஞ்சை சொல்லும். அங்கே பண்ணையாளுக்கு மிராசுதார் கொடுத்த தண்டனை சவுக்கடியும் சாணிப்பாலும். புள்ளைக்குப் பால் கொடுத்துட்டு வர நேரமாச்சுன்னாலும் விடமாட்டாங்க என்று அந்தப் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள். பி. சீனிவாசராவ் தலைமையில் சங்கம் கட்டிப் போராடி, 1944இல் ஒப்பந்தம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளுக்கு முடிவு கட்டினார்கள். உபதேசத்தால் அது ஒழியவில்லை.

பாபாசாகேப் அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகால ஓய்வு நாட்டு நலனுக்கானது, செலவில் அரசுக்கும் பங்குண்டு, அவள் உழைப்பில் லாபம் பார்க்கிற முதலாளிக்கும் பொறுப்புண்டு என்பது அவர் வாதம். 1961இல் வந்த மத்தியச் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாசம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தரச் சொன்னது. 2017இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. கடை, நிறுவனம் என்றால் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். வரப்பு எந்த நிறுவனம்? நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எது நிறுவனம்? காண்ட்ராக்ட்காரர் நோட்டில் பெயரே இல்லாத துப்புரவுக்காரி யாரிடம் விடுப்பு கேட்பாள்?

தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021இல் சம்பளத்தோடு 12 மாச விடுப்பு கொடுத்தது. நல்ல காரியம், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. கூலிக்காரிக்கு? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி 2018இல் 18,000 ரூபாயானது, சத்துப் பெட்டகத்தின் விலையும் சேர்த்து. அதுவும் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். 26 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 700 ரூபாய்கூட வராது. 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தார்கள். வயலுக்கு நடந்து போகிறவளுக்கு அதனால் என்ன? 2005இன் நூறு நாள் வேலைச் சட்டத்தில், ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தாலே பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலிக்கு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் போன வேலைத்தளங்களில் மரத்துத் தூளிதான் தொங்கியது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் ஆறு மாசத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 100க்கு 55 அளவில்தான். சிசேரியன், கடைப் பால்பவுடர் என்று காரணங்கள் பல இருக்கும். 1992 சட்டப்படி அந்தப் பால்பவுடர் டப்பாவிலும் 'தாய்ப்பாலே சிறந்தது' என்றுதான் அச்சடித்திருக்கிறது. டப்பாவில் அது கம்பெனிக்குப் போட்ட கட்டுப்பாடு, தேவையானது. சுவரில் அதே வாசகத்தை எழுதிவிட்டு அரசு கை கழுவினால் அது கொள்கையாகுமா?

ஆறு மாசத்துக்குக் குறைந்தபட்சக் கூலி, எத்தனையாவது பிள்ளை என்று கேட்காமல். வேலைத்தளத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளை பார்க்கக் கூலியோடு ஓர் ஆள். பால் கொடுக்கப் போன நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் நம் தலித் இயக்கங்களும் கூலி உயர்வுக் கோரிக்கையோடு இந்த மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். பெண்கள் பிரச்சினை, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தது போதும் தோழர்களே.