நிறம் யாருடையது?

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் கல்லைப் பிளப்பவர் வேறு, மெருகேற்றுபவர் வேறு, பெயர் வாங்குபவர் வேறு. இதே பிரச்சினையைக் கண்ணாடியிலும் பார்க்கலாம்.

2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த கனடியத் தொடர் ‘ப்ளோன் அவே’. கண்ணாடி ஊதும் பத்துக் கலைஞர்கள், ஓடுகிற கடிகாரம், ஒவ்வொருத்தராக வெளியேற்றம். உருகிய கண்ணாடியைக் குழல்முனையில் எடுத்து நிறத்தூளில் உருட்டுகிறார்கள். அல்லது சூடேற்றிய நிறக்கட்டியின் மேல் தெளிந்த கண்ணாடியைப் போர்த்துகிறார்கள். கோபால்ட் சேர்த்த நீலமோ மாங்கனீஸ் சேர்த்த ஊதாவோ, கலவை ஏற்கெனவே எங்கோ ஒரு பட்டறையில் முடிந்துபோச்சு. கலந்தவர் திரையில் இல்லை. கூட நின்று குழலைச் சுழற்றும் உதவியாளர்கள் திரையில் உண்டு, பரிசில் இல்லை. கூட்டு உழைப்பைத் தனிமேதையின் கதையாக மாற்றிக் கட்டமைப்பதுதான் ‘போட்டி’ என்கிற வடிவத்தின் அரசியல்.

இதே கடற்கரையோரமாகத் தெற்கே போனால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945இல் வீலர் அகழ்ந்த இடம். அங்கே கிடைத்த கண்ணாடி மணிகளில் ஒளி ஊடுருவாத ஒரு சிவப்பு உண்டு. செம்பு தந்த நிறம் அது. ஆனால் செம்பைப் போட்டால் மட்டும் சிவக்காது. உலைக்குள் காற்றை ஒடுக்கணும். காற்று கூடினால் அதே செம்பு நீலப்பச்சையாகிவிடும். ஆக, அங்கே நிறம் என்பது ஒரு கலைஞரின் தேர்வு மட்டுமல்ல. உலையைக் காத்தவர்களின் அறிவும்கூட. அவர்கள் பெயர் எந்த மணியிலும் இல்லை.

போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேமரா கொஞ்சம் உலைப்பக்கமும் திரும்பட்டும். சிற்பக்கூடத்தைப் பற்றி எழுதுகிற நாமும்தான்.