காட்டாது அச்சுறுத்தும் கலை

மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் ஒன்று. அது தோன்றும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுத்தார். இவற்றுள் பின்னைய மூன்றும் கண்ணுக்குப் புலனாவன. புலியைக் காணலாம்; கள்வனைக் காணலாம்; சினந்து நிற்கும் அரசனையும் காணலாம். அணங்கோ அத்தகையதன்று. பேயையும் பூதத்தையும் அதனுள் அடக்கி உரை கண்டார் பேராசிரியர். காணப்படாத ஒன்று எங்ஙனம் நெஞ்சை நடுக்குறச் செய்யும்? இலக்கிய மாணவன் எழுப்ப வேண்டிய இவ்வினாவுக்கு, 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறு செலவுப் படம் விடையாக அமைகிறது. 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்பது அதன் பெயர்.

டேனியல் மைரிக், எடுவார்டோ சாஞ்செஸ் என்னும் இரு இளைஞர் அதனை இயக்கினர். 1997 அக்டோபரில், மேரிலாந்து மாநிலத்துக் காட்டில், எட்டே நாளில் படப்பிடிப்பு முடிந்தது. பெயர்பெற்ற நடிகர் எவருமில்லை, அரங்க அமைப்பில்லை, ஒப்பனையில்லை. நடித்த மூவரே படப்பெட்டியையும் ஏந்தினர். இவ்வாறு எடுக்கப்பட்ட ஏறத்தாழ 20 மணி நேரக் காட்சிகள் 81 நிமிடப் படமாகத் தொகுக்கப்பட்டன. தொடக்கச் செலவு அறுபதாயிரம் டாலரைத் தாண்டவில்லை என்பர். உலகெங்கும் அது ஈட்டிய வருவாயோ ஏறத்தாழ 25 கோடி டாலர்.

கதை மிக எளியது. திரைக்கலை பயிலும் மாணவர் மூவர், ஒரு சூனியக்காரியைப் பற்றிய ஊர்க்கதையை ஆவணப்படமாக்க எண்ணி 1994இல் காட்டுக்குள் செல்கின்றனர், திரும்பவில்லை. ஓராண்டுக்குப் பின் அவர்கள் எடுத்த படச்சுருள்கள் மட்டும் கிடைக்கின்றன. அரங்கில் காட்டப்படுவது அச்சுருள்களே என்பது படத்தின் பாவனை. இவ்வகைக்குக் 'கண்டெடுத்த படச்சுருள்' எனப் பெயரிடலாம்.

பார்ப்பவனுக்கு முதலில் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. இளைஞர் மூவர் நகையாடுகின்றனர், வழி தவறுகின்றனர், பூசலிடுகின்றனர். அவர்களுள் ஒருவன் வழிகாட்டும் வரைபடத்தை ஓடையில் உதைத்துத் தள்ளிவிட்டதைச் சிரித்தவாறே ஒப்புக்கொள்கிறான். ஒரு பகல் முழுதும் தெற்கு நோக்கி நடந்தும், காலையில் கடந்த அதே மரத்துண்டின் முன்னரே வந்து நிற்கின்றனர். இரவில் எங்கோ சுள்ளி முறியும் ஓசை. விடிந்தால் கூடாரத்தருகே மூன்று கற்குவியல்கள். மற்றோரிடத்தில் மரக்கிளைகளில் தொங்கும் குச்சி உருவங்கள். பின்னர் நள்ளிருளில் குழந்தைகளின் குரல். இத்துணையே படம் காட்டும் 'பேய்'. சூனியக்காரி ஒருமுறையும் திரையில் தோன்றவில்லை. ஓசைக்கும் அதன் காரணத்துக்கும் இடையே வெற்றிடம் ஒன்று விடப்படுகிறது. அதனைப் பார்ப்பவன் தன் உள்ளத்து அச்சங்கொண்டே நிரப்பிக்கொள்கிறான்.

நடிகர்க்கு முழு உரையாடல் எழுதித் தரப்படவில்லை. நாள்தோறும் சிறு குறிப்புகளே தரப்பட்டன. உணவும் நாளுக்கு நாள் குறைக்கப்பட்டது. இரவில் இயக்குநர்களே வந்து கூடாரத்தை உலுக்கினர். ஆதலின் களைப்பும் குளிரும் பசியும் அம்முகங்களில் மெய்யாகவே படிந்தன. தலைவியாகிய பெண், தன் முகத்தின் ஒரு பாதியே தெரியுமாறு படப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தோழர் இருவரின் தாயரிடமும் தன் தாயிடமும் மன்னிப்புக் கேட்கிறாள். அரைமுகமே தெரிவதால் அத்துயரம் இரு மடங்காகிறது. படப்பெட்டியின் வழியே காணும்போது உலகம் முழு மெய்யாகத் தோன்றுவதில்லை என்று தோழன் ஒருவன் முன்னரே அவளைக் குத்திக்காட்டியிருந்தான். அஞ்சியவள் கேடயம்போல் அக்கருவியைக் கைவிடாமல் பற்றியிருந்ததன் காரணம் அவ்விடத்து விளங்குகிறது.

படத்தின் உயிர் அதன் முடிவில் உள்ளது. பாழடைந்த ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இளைஞன் ஒருவன் சுவர் மூலையை நோக்கி அசையாது நிற்கிறான். அவள் அலறுகிறாள், படப்பெட்டி கீழே விழுகிறது, படம் முடிகிறது. குருதியில்லை, கோரைப்பல்லில்லை. மூலையில் முதுகுகாட்டி நிற்கும் ஒருவனைக் கண்டு அரங்கம் ஏன் நடுங்க வேண்டும்? படத்தின் தொடக்கத்தில் ஊரார் ஒருவர் ஒரு பழைய செய்தி கூறியிருந்தார். குழந்தைகளைக் கொன்ற ஒரு கொடியவன் அவர்களை இருவர் இருவராக அழைத்துச் செல்வானாம்; கண்கள் தன்னை நோக்குவதைத் தாங்கமாட்டாமல், ஒரு குழந்தையை மூலையை நோக்கி நிறுத்திவிட்டு மற்றதைக் கொல்வானாம். பேச்சோடு பேச்சாக வந்து மறைந்த அச்செய்தி, ஒரு மணி நேரத்துக்குப் பின் திடுமென உயிர்பெறுகிறது. அதனைச் செவிகொடுத்துக் கேட்டவன் உறைந்துபோகிறான், கேளாதவன், "இதில் என்ன இருக்கிறது?" என வினவியவாறே எழுந்து செல்கிறான். இப்படத்தைப் பற்றி அன்று மக்கள் இரு கூறாகப் பிரிந்ததற்கு இது ஒரு காரணம் எனலாம். அஞ்சியவன் படத்தைப் பார்த்தவன் மட்டுமல்லன். கதையைக் கேட்டவனும் ஆவான்.

முழுதும் காட்டப்படும் பேய் வேறு பயன் தருவது. கலிங்கத்துப்பரணியில் சயங்கொண்டார் பேய்களை உறுப்பு உறுப்பாகப் புனைந்துரைக்கிறார். அவை கூழடுவதையும் உண்பதையும் விரித்துரைக்கிறார். படிப்பவனுக்கு அங்கு விளைவது அச்சத்தினும் வியப்பும் நகையுமே. மலாய்த் திரையில் 1957இல் 'பொந்தியானாக்' வந்தது. அதனை இயக்கிய பி. என். ராவ், அதற்கு முன் தமிழ்ப் படங்களையும் இயக்கியவர். மரியா மெனாடோ ஒப்பனையோடு தோன்றிய அப்படம் பெருவெற்றி பெற்றது. அதன் படியொன்றும் இன்று கிடைக்கவில்லை. மெய்யாகவே தொலைந்த படம் அது. 'கண்டெடுத்ததாக'ப் புனையப்பட்ட படமோ உலகெங்கும் வாழ்கிறது.

லூனாஸ், கூலிம், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு இக்காட்டாத கலை புதிதன்று. திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய இரவுகள் சிலவே. மற்ற இரவுகளில் லயத்து வாசலே அரங்கு. விளக்கொளி எட்டாத இடத்தில் பால்மரங்கள் நிரைநிரையாக நிற்கும். கதை சொல்லும் பாட்டி பேயை வருணிப்பதில்லை. இன்ன நிரையில் கொலுசொலி கேட்டது, பூக்காத காலத்தில் பூமணம் வீசியது என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மறுநாள் பெரட்டு முடிந்து, விடியுமுன் தலைவிளக்கோடு தீம்பாருக்குச் செல்பவன், அந்நிரையை அடைந்ததும் தானாகவே நடையை விரைவாக்குவான். பாட்டி விட்ட வெற்றிடத்தை அவனே நிரப்பிவிட்டான். இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. மரங்கள் வீழ்ந்தபோது அவற்றோடு அக்கதைகளும் வீழ்ந்தன. கேட்கும் செவியும் குறைந்தது. இஃது இரங்கத்தக்கதே.

இனி, படத்தின் குறையையும் கூறுதல் கடன். படத்துக்கு வெளியே அதனை விற்ற முறை நேர்மையானதன்று. நடிகர் தம் சொந்தப் பெயரிலேயே கதைமாந்தராயினர். அவர்களைக் காணவில்லை என்று சுவரொட்டிகள் வழங்கப்பட்டன. இணையத்தில் பொய் ஆவணங்கள் வைக்கப்பட்டன. மகள் இறந்துவிட்டாள் என நம்பிய சிலர் நடிகையின் தாய்க்கு இரங்கல் தெரிவித்தனர். இதற்கு முன்னும் 1980இல், இத்தாலியப் படமொன்றின் இயக்குநர், தம் நடிகர் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு ஆளானார். புனைவு வேறு, பொய் வேறு. கவிஞன் கற்பனை செய்கிறான் என்பதைக் கற்பவன் அறிவான், அறிந்தே உடன்படுகிறான். அவ்வுடன்பாடின்றி ஒருவனை நம்பச் செய்வது கலையாகாது. கைப்பேசி வைத்திருப்போர் எல்லாம் படமெடுக்கும் இக்காலத்தில், நடுங்கும் காட்சியெல்லாம் மெய்க்காட்சி என்று மயங்கும் மாணவனுக்கு இவ்வேறுபாட்டைக் கற்பிப்பது ஆசிரியர் கடமையாகும்.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. பொய் வெளிப்பட்ட பின்னும் படத்தின் அச்சம் அழியவில்லை. மூவரும் நலமே உள்ளனர் என அறிந்தவனும் அம்மூலைக் காட்சியில் நடுங்குகிறான். ஆதலின் விளம்பரப் பொய் அப்படத்துக்குத் தேவையற்ற சுமை. சொல்லாட்சியே அதன் வலிமை.

இவ்வழியைப் பின்பற்றிப் பல மொழிகளில் படங்கள் எழுந்தன. மலாயில் 2011இல் 'செரு' வந்தது. தமிழில் ஹேம்நாத் நாராயணன் இயக்கிய 'மர்மர்', இவ்வகையின் முதற் தமிழ்ப் படம் என்னும் விளம்பரத்தோடு 2025 மார்ச்சில் வெளிவந்தது. யூடியூப் இளைஞர் சிலர் சவ்வாது மலைக் காட்டுக்குள் செல்லும் கதை அது. தமிழ்க் காட்டில், தமிழ் ஊர்க்கதையைத் துணைக்கொண்டு இக்கலையை முயல்வது வரவேற்கத்தக்கதே. ஆனால் நடுங்கும் படப்பெட்டியைக் கடன் வாங்குவது எளிது. தொடக்கத்தில் ஒரு செய்தியை விதைத்து, முடிவில் அதனை முளைக்கச் செய்யும் பொறுமையைக் கடன் வாங்க இயலாது. அதனை ஒவ்வொரு மொழியும் தன் கதைசொல்லிகளிடமிருந்தே பெற வேண்டும்.

தமிழுக்கு அச்செல்வம் உண்டு. சொல்லாமல் உணர்த்துதலை இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் இலக்கணமாகவே வகுத்த மொழி இது. கட்டுரையிலோ சிறுகதையிலோ "பயங்கரம்", "கொடூரம்" என்னும் சொற்களை அடுக்கி அச்சமூட்ட முயலும் மாணவனுக்கு, அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு ஒரு கொலுசொலியை மட்டும் எழுதச் சொல்லலாம். அவன் விட்ட இடத்தைப் படிப்பவன் நிரப்புவான்.